வாசலில் திருப்பி அனுப்பிய விருந்தாளி

அன்பு மகளுக்கு,

தூரதேசத்தில் தனியாக இருக்கும் உனக்குக் கர்த்தர் நல்ல சுகம் தருவாராக. இங்கே அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, என் தையல் மெஷினுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று, உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. பிள்ளையைத் திட்டி எழுதாதே என்று அப்பா சொன்னார், திட்டாமல் எழுத வருகிறதா பார்க்கிறேன்.

சபையின் புதுக் கட்டடத் திறப்பு விருந்தில், தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றி நீ பேசி அனுப்பிய வீடியோவைப் போட்டார்கள். வாசலில் கார்டு வாங்கும் வேலை எனக்கு. "கார்டு இல்லாம ஒருத்தரையும் விடாதீங்க சிஸ்டர், அப்புறம் சாப்பாடு பத்தாது" என்று செயலாளர் சொல்லியிருந்தார், நானும் ஆணி அடித்த மாதிரி நின்றேன். ஒலிபெருக்கியை வெளியேயும் கட்டியிருந்ததால் உன் குரல் தெருமுனை வரைக்கும் போயிற்று. ராஜ்யம் ஒரு விருந்து, மேசை போட்டாயிற்று, தெருவில் இருப்பவர்களுக்குத்தான் முதல் இடம், வாருங்கள் என்றாய். அதைக் கேட்டுத் தெரு கூட்டுகிற பெண் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, குழாயில் கைகால் கழுவி, இரண்டு பிள்ளைகளுக்கும் முகம் துடைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "யாரோ ஒரு பொண்ணு மைக்ல கூப்பிட்டுச்சே அக்கா, தெருவுல இருக்கிறவங்க வாங்கன்னு" என்றாள். அது என் மகள்தான் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. "அது சும்மா பேச்சும்மா" என்றேன். "ஓ, பேச்சா" என்று பிள்ளைகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு அண்டா சாப்பாடு மிஞ்சிற்று, குழியில் கொட்டினார்கள். மறுநாள் காலை நம் எச்சில் தட்டுகளை அவள்தான் அள்ளினாள்.

இதைப் போனில் சொல்லி அழுதேனே, நீ என்ன சொன்னாய்? "அம்மா, அது உவமை, அப்படியே எடுத்துக்கக் கூடாது. ராஜ்யம் வந்தாச்சு, ஆனா இன்னும் முழுசா வரல, அந்த இடைவெளியிலதான் நாம வாழுறோம்" என்றாய். அந்த இடைவெளி எவ்வளவு என்று எனக்குத் தெரியும்டி, ஒரு இரும்புக் கதவின் கனம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வந்துவிட்டது, வெளியே நிற்பவளுக்கு இன்னும் வரவில்லை, இதற்கா ஆறு வருஷ வேதப் படிப்பு. ஊருக்கு உபதேசம் செய்ய நீ, கதவைச் சாத்த உன் அம்மா, நல்ல பொருத்தம். கதவைப் பிடித்திருந்தது என் கைதான், அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு உன் பேச்சின் மீதியைப் போட்டு மறுபடி சாப்பாடாம். இந்த முறை கார்டு கேட்க மாட்டேன் என்று செயலாளரிடம் சொன்னேன். "உங்க பொண்ணையே எழுதச் சொல்லுங்க சிஸ்டர், நிஜமாவே அதுதான் அர்த்தம்னா நானே கதவைத் திறக்கிறேன்" என்று சிரித்தார். நீ எழுத மாட்டாய் என்று அவருக்கு நிச்சயம். கூப்பிட்டது மெய் என்று அவருக்கு இரண்டு வரி எழுது. முடியாவிட்டால் அந்த வீடியோவைப் போட வேண்டாம் என்றாவது எழுது. நேற்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன், கூப்பிட்டது என் மகள் என்றும் சொன்னேன். கூட்டுவதை நிறுத்தாமலே, "நல்ல குரல்க்கா, நம்புற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

கர்த்தர் உன் நாவையும் கையையும் ஒரே வழியில் நடத்துவாராக. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. முதல் ஞாயிறு, மறக்காதே.

வாசலில் நிற்கிற
உன் அம்மா