சத்தம் போடாத இரும்பு

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்க மாட்டேன். இங்கே எல்லோரும் உங்களை நல்ல இடத்தில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். "பௌர்ணமி அன்னிக்கே போய்ட்டான் என் தம்பி, குடுத்து வெச்சவன். அண்ணாமலையாரே கூப்ட்டுக்கினாரு" என்று உங்கள் அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். சாமிக்கு வேறு வேலை இல்லையா?

உங்களைக் கொண்டுபோனது ஒரு கிளாம்ப். அவலூர்பேட்டை ரோட்டில் நம் பட்டறையில், மில்லிங் மெஷினில் பொருளை ஆடாமல் பிடிக்க நீங்களே செய்த ஃபிக்சரின் கிளாம்ப். அது இரண்டாக உடைந்தது. பிடித்திருந்த பொருள் எகிறி உங்கள் கழுத்தில் அடித்தது.

ஃபிக்சருக்கு இரும்பு எடுக்க நீங்கள் கடைக்குப் போகிற அழகை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுவீர்கள். 'டங்'கென்றால் ஸ்டீல், வேண்டாம். 'தொப்'பென்று அடங்கினால் வார்ப்பிரும்பு, எடு. "பொண்ணு பாக்கறதும் இரும்பு பாக்கறதும் ஒண்ணுதான். சத்தம் போடாததா பாத்து எடுக்கணும்" என்பீர்கள், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. கடைக்காரர் சிரிப்பார்.

ஃபிக்சரின் அடிப்பாகத்துக்கு வார்ப்பிரும்பு சரி, அதிர்வைத் தாங்கும். இறுக்கிப் பிடிக்கிற கிளாம்புக்குமா? அன்று காலைகூடச் சொன்னேனே. "ஸ்டீல்னா வளையும், கண்ணுக்குத் தெரியும். இது சொல்லாம கொள்ளாம உடஞ்சுடுங்க." நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டிப்ளமா படிச்ச திமிரு ஜாஸ்தி ஆயிடுச்சு. வாய மூடிக்கினு டீ போடு." போட்டேன். குடிக்க நீங்கள் வரவில்லை.

அழுதேனா? ஊருக்காகக் கொஞ்சம் அழுதேன். மிச்சமெல்லாம் ஆத்திரம்தான்.

நம் மகள் பூங்கொடி இப்போது பட்டறைக்கு வருகிறாள். ஆயுத பூஜைக்கு உங்கள் பழைய கிளாம்புகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தாள். சரி, பாசம் என்று விட்டுவிட்டேன். நேற்று அதில் ஒன்றை அதே மெஷினில் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கழட்டுடி அத."

"அப்பா போட்டதும்மா. சாமி கூப்ட்டா யாரு என்னா பண்ண முடியும்?"

பிடுங்கி, பட்டடைக்கல் மேல் வைத்து, சம்மட்டியால் ஒரே போடு போட்டேன். பிஸ்கட் மாதிரி உடைந்தது. "சாமி கூப்புடல. உங்கப்பனுக்குத் தெரியல, தெரிஞ்சவ சொன்னா கேக்கல. அதான் செத்தான்" என்றேன். உங்களை அவன் இவன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.

மிச்சக் கிளாம்புகள் குங்குமத்தோடு காயலான் கடைக்குப் போய்விட்டன. புதிதாக ஸ்டீலில் வெட்டக் கொடுத்திருக்கிறேன். நேற்றிலிருந்து பிள்ளை என்னோடு பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. அக்கா என்னைப் பேய் என்கிறார்.

திதி கொடுப்பேன், படத்துக்கு மாலை போடுவேன், அதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் உங்கள் நல்ல பெயரை மட்டும் நம் மகளிடம் மிச்சம் வைக்க மாட்டேன், இது சத்தியம். உங்களை வெறுக்கட்டும், என்னையும் சேர்த்தே வெறுக்கட்டும். உயிரோடு இருந்து வெறுக்கட்டும்.

இன்னமும் உங்கள் மனைவி,
மல்லிகா