மோட்டார் காயில் கட்டுகிறவன் வளர்த்த பீன்ஸ்

என் அன்பான வீட்டுக்காரிக்கு,

இங்கே நலம். உன் அக்காவும் புதிதாகப் பிறந்திருக்கும் குட்டியும் நலமென்று சகலை சொன்னார். பிள்ளைப்பேறு பார்க்கப்போன இடத்தில், அந்த ஊர்த் தையல் கம்பெனிக்காரர்கள் உன் கைவேலையைப் பார்த்துவிட்டு உன்னையே கட்டிங் மாஸ்டராக இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள் என்று போனில் சொன்னாய். ‘நீங்க என்ன சொல்றீங்க?’ என்று கேட்டாய். நான் ‘ம்’ என்றேன். ‘வாயில என்ன கொழுக்கட்டையா? பேச வரலைன்னா எழுதியாவது அனுப்புங்க’ என்று சீறிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அந்த விஷயத்துக்கு வருகிறேன். முதலில் உன் பீன்ஸ். நீ கிளம்பும்போது தொட்டியில் இரண்டு இலை விட்டிருந்த கொடி, இப்போது சமையலறை ஜன்னலைத் தாண்டிவிட்டது. ‘தண்ணி மட்டும் ஊத்துங்க, வேற எதையும் நோண்டாதீங்க’ என்று படித்துப் படித்துச் சொன்னாய். நோண்டிவிட்டேன்.

கொடியின் நுனி, ஏறுவதற்காகக் கட்டியிருந்த கயிற்றைப் பிடிக்காமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்ததால், நானே பிடித்துக் கயிற்றில் சுற்றிவிட்டேன், இடைவெளி பிசகாமல். ஒர்க் ஷாப்பில் நாள் முழுக்க மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? காலையில் எழுந்து பார்த்தால், மொத்தத்தையும் பிரித்துக்கொண்டு பழையபடி ஆடுகிறது! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. திரும்பவும் சுற்றி, காயிலுக்குக் கட்டும் பருத்தி நாடாவால் முடிச்சும் போட்டேன். முடிச்சுக்கு மேலே வளர்ந்த நுனி தன் பாட்டுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. வேண்டுமென்றே என்னிடம் வம்பு வளர்ப்பது போல இருந்தது.

மாடிவீட்டு நர்ஸ் துணி காயப்போட வந்தவர், இதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ‘சார், நீங்க மாத்திச் சுத்துறீங்க. அது எதிர்ப்பக்கமாத்தான் சுத்தும்’ என்றார். யாராவது சொன்னால் உடனே நம்புகிற ஆளா நான்? ஞாயிற்றுக்கிழமை தொட்டி பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டேன். டீ போடும்போது நுனி ஜன்னலைப் பார்த்து நின்றது. குளித்துவிட்டு வந்தால் சுவரைப் பார்க்கிறது. சமைத்துவிட்டு வந்தால் பக்கத்து வீட்டு மதிலை. சாப்பிட்டு எழுந்தால் மறுபடி ஜன்னலுக்கே வந்துவிட்டது! பிடித்துக்கொள்ள ஏதாவது அகப்படுமா என்று துழாவிக்கொண்டே சுற்றி வருகிறது. மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு நேர் எதிர்த்திசை. என் கையோ முள்ளோடு சுற்றிப் பழகிய கை. தொட்டியையே திருப்பி வைத்துப் பார்த்தேன், அப்போதும் ஏமாறவில்லை. கண்ணும் இல்லை, மூளையும் இல்லை, இதற்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? உனக்குத் தெரியுமா? முதலாளியிடம் கேட்டேன். எரிந்த மோட்டாரெல்லாம் குவிந்து கிடக்கிறது, உனக்குப் பீன்ஸ் ஆராய்ச்சியா என்று வள்ளென்று விழுந்தார்.

முடிச்சை அவிழ்த்துவிட்டேன். மறுநாளே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டது.

இப்போது பூத்துக் காய்த்திருக்கிறது. முதல் காயை நீதான் பறிப்பாய் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். அதனால் எதையும் தொடாமல் இருந்தேன். காயெல்லாம் கொடியிலேயே முற்றினால் அப்புறம் பூக்காது என்று நர்ஸ் பயமுறுத்தினார். மனசு கேட்கவில்லை. மற்றதையெல்லாம் பறித்து வதக்கினேன். உப்பு தூக்கல். முதலில் காய்த்ததை மட்டும் விட்டிருக்கிறேன், நாடாவால் அடையாளம் கட்டி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நீ வருஷக்கணக்காகக் கிழிந்த பைகளுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருக்கிறாய். ‘அங்க துணி வெட்டுற மேசை மட்டுமே நம்ம ஹால் அளவுக்கு இருக்குங்க’ என்று அன்று சொன்னாயே, அப்போது உன் குரலே வேறாக இருந்தது. ‘அங்கேயே இரு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குரலைக் கேட்டபிறகு ‘வந்துவிடு’ என்று சொல்ல மனசும் வரவில்லை. அதுதான் அந்த ‘ம்’. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. ராத்திரி இரண்டு தட்டை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அடுக்குகிறேன்.

வருவதாக இருந்தால் சீக்கிரம் வா, காய் முற்றுவதற்குள் பறித்துக்கொள். வேலையை ஒத்துக்கொள்வதாக இருந்தாலும் சொல். அந்தக் காயைப் பறிக்காமல் காயவிட்டு விதை எடுத்து வைக்கிறேன். அப்படியானால் சகலையிடம் கொஞ்சம் விசாரித்து எழுது. அந்த ஊரில் தண்ணீர் மோட்டார்கள் எரிகின்றனவா? எரிந்தால் யார் காயில் கட்டிக் கொடுக்கிறார்கள்? பின்பக்கம் வெயில் விழுகிற வீடு வாடகைக்குக் கிடைக்குமா?

குட்டி நோய்நொடி இல்லாமல் வளரட்டும். அக்காவைக் கனமானது எதையும் தூக்க விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. பதிலில் ‘ம்’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிடாதே, தாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
நோண்டாமல் இருக்கத் தெரியாத
உன் வீட்டுக்காரன்