சிவக்க வைக்கிற வெளிச்சம்

மாப்ள,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குள் நுழையும்போதே பிளாஸ்டிக் கருகிய வாடை அடித்தது. மீன் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். லைட்டு செத்துப்போயிருந்தது. நீ வாங்கி மாட்டியது, உனக்குப் பிறகும் எரிந்துகொண்டிருந்த லைட்டு. கரண்டு ஏறி இறங்கியதில் போயிற்றா, எறும்பு புகுந்ததா, இல்லை இத்தனை நாள் எரிந்தால் போதும் என்று கணக்குப் பண்ணியே செய்து விற்றார்களா, தெரியவில்லை. கடைசியில் சொன்னதுதான் என்று நீ அடித்துச் சொல்லியிருப்பாய். எனக்கும் சந்தேகம் அதன் மேல்தான்.

நீ போன பிறகு வாராவாரம் நான்தான் வந்து தண்ணீர் மாற்றுகிறேன். தொட்டியை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று உன் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். மீன்கள் எத்தனையோ மாறிவிட்டன. உன் கையால் நட்டதில் மிஞ்சியது அந்தச் சிவப்பு இலைச் செடி ஒன்றுதான். பார்த்தால் அதன் நுனி இலைகளும் பச்சையடித்துக் கிடக்கின்றன. "லைட்டு மங்கிக் கெடந்தத நான் கவனிக்கல அண்ணே. இது பட்டுப்போச்சுன்னா என்னால தாங்க முடியாது" என்றாள். அன்றைக்கே கடைக்குக் கிளம்பினேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாக ஒரு வளர்ப்பு மீன் கடை வந்திருக்கிறது. கடைக்காரர் வாயில் தேன் ஒழுகியது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. "அண்ணாச்சி, இது ஃபுல் ஸ்பெக்ட்ரம். செடிக்குன்னே வந்த லைட்டு. எப்படிச் செவந்திருக்கு பாருங்க" என்று ஊதாவும் ரோஸும் கலந்த வெளிச்சம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். அதன் கீழே எல்லாச் செடியும் சிவப்புத்தான். என் வெள்ளை வேட்டிகூட ரோஸாகத் தெரிந்தது.

வத்தல் மண்டியில் நீ கொள்முதலும் நான் எடையும் பார்த்த காலம் ஞாபகம் வந்தது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து மிளகாய் வத்தல் மூட்டைகள் வந்து இறங்கும். உள்ளே தொங்கிய குண்டு பல்பு வெளிச்சத்தில் வெளுத்த வத்தலும் நல்ல சிவப்பாகத் தெரியும். நீ மேலாக எடுக்கவே மாட்டாய். மூட்டையின் அடிவரை கையை விட்டு அள்ளி, தெருவுக்குப் போய் வெயிலில் விரித்துப் பார்ப்பாய். "உள்ளுக்குள்ள வச்சுப் பாத்தா எல்லாச் சரக்கும் நல்ல சரக்குதாம்லே" என்பாய்.

மண்டியை விட்டு வந்து மீன் தொட்டி வைத்தபோதும் அந்தப் புத்தி உன்னை விடவில்லை. கடை கடையாகப் போய், சட்டைப் பையிலிருந்து ஒரு வத்தலை எடுத்து ஒவ்வொரு லைட்டுக்குக் கீழும் பிடித்தாய். வெயிலில் தெரிகிற நிறம் அங்கேயும் தெரிந்தால்தான் அது யோக்கியமான லைட்டு. நம் தலையைக் கண்டதும் கடைக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள். சிக்கிக்கொண்ட ஒருவரிடம் நீ சொன்னாய்: "செவப்பாக் காட்டுத லைட்டு எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. செவக்க வைக்குத லைட்டு இருந்தா எடுங்க."

அப்படிப் பொறுக்கி வாங்கிய வெள்ளை லைட்டிலும் கோட்டை விட்டாய். நம்மூர் வெயிலில் பருத்தியே தாங்கி நிற்கிறது, இதெல்லாம் ஒரு வெளிச்சமா என்று, விடிந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் எரியவிட்டாய். கண்ணாடி முழுக்கப் பாசி ஏறியது. குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டாய். மீன் தீனியைச் சந்தேகப்பட்டாய். தொட்டியில் எதையாவது ஊற்றினாயா என்று வீட்டுக்காரியைக் கூட விசாரித்தாய். வத்தல் சோதனையில் தேறிய லைட்டை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உனக்குத் தெரியாமல் பாதி நேரம் அதை அணைத்துப் போட்டு, அவள்தான் பாசியை அடக்கினாள்.

புதுக் கடையிலும், உன்னைப் போலவே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன வத்தலை நீட்டினேன். ரோஸ் வெளிச்சத்தில் அது பீட்ரூட் நிறத்தில் இருந்தது. கடைக்காரர் சிரித்தார். பெட்டியில் பெரிய பேச்சு எதுவும் அச்சடிக்காத ஒரு சாதா வெள்ளை லைட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாதி நேரம்தான் போடச் சொல்லியிருக்கிறேன். இதையும் நான் இன்னும் நம்பவில்லை.

இன்றைக்குப் போனதும் உன் வீட்டுக்காரி கேட்டாள்: "செவக்குதுல்லா அண்ணே?" ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காகவே வாரம் பூராவும் காத்திருந்த முகம். நுனி இலை ஒன்றைக் கிள்ளி வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தேன். "இன்னும் இல்ல தங்கச்சி. உசுரு இருக்கு, நெறம் வரல. புது எலை வரட்டும்" என்றேன். அவள் முகம் வாடிப்போயிற்று. ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டிருப்பாள்.

ஆனால் அதே வாசலில் நீ நின்ற நாள் எனக்கு மறக்கவில்லையே. "கண்ணு மஞ்சளா இருக்குன்னு அவ சொல்லுதா. வீட்டு லைட்டுல பாத்துச் சொல்லாத, வெளிய வா" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். வெயிலுக்கு முகத்தைக் காட்டி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்தாய். "மஞ்சளாத்தாம்லே இருக்கு" என்றேன். என்னைத் திட்டுவாய், கண்ணாடி கேட்பாய், தெருவில் போகிற நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவாய் என்று நின்றேன். "சரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தாய்.

ஒருத்தர் பேச்சையும் நம்பாத நீ, பொய்யாகப் போய்விடக் கூடாதா என்று நானே தவித்த பேச்சை மறுபேச்சில்லாமல் நம்பினாய். அதற்கப்புறம் யாரிடமும் ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை மாப்ள.