மய்யித்து கிடைக்காத வீட்டுச் சோறு

மச்சான், ஸலாம். எப்படி இருக்கிறாய்? வெயில் படாத இடத்தில் படுத்திருக்கிறாய், உனக்கென்ன. நான் நன்றாக இல்லை. உன்மேல் கோபமாக இருக்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவன் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கோபத்தில் பிழை இல்லை.

காலையில் அந்தப் பயிற்சிக்காரர்கள் திரும்பவும் வந்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு மனம் உடைந்தவர்களோடு எப்படிக் கதைக்க வேண்டும் என்று படிப்பிக்க வந்தார்களே, அவர்கள்தான். கையில் புதுப் புத்தகம், மை வாசம்கூடப் போகவில்லை. இந்த முறை ஊர் வழக்கத்துக்கு ஏற்ற மாதிரி எழுதியிருக்கிறார்களாம். நடுப்பக்கத்தில் ஒரு படம். சாரன் உடுத்து, தொப்பி போட்ட ஒருவர் எழும்பி நின்று கேள்வி கேட்கிறார். கீழே இருப்பது உன் கேள்வி. உன் பேர் இல்லை. உனக்கு முளைக்காத தாடியை மட்டும் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

முதல் பயிற்சி ஞாபகம் இருக்கிறதா? பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற மண்டபம். கதிரைகள் கல்யாண வீட்டுக்கு வாடகைக்குக் கொடுப்பவை; என்னுடையதில் ஒரு கால் கட்டை. அதில் இருந்து இருந்து எனக்கு இடுப்பு பிடித்து, நுரைச்சோலையில் எண்ணெய் போட்டுப் பிடித்துவிடுகிற ஒரு ஆளிடம் போய், அவன் இல்லாத நரம்பையும் சேர்த்து இழுத்து... அது வேறு கதை. பயிற்சி கொடுத்த சேர் நல்ல மனுசன்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எங்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "அமைதியான கடல நெனைங்க, அலை வருது, போகுது" என்றாரே! வெள்ளமும் கடலும் ஒன்றாகி வீட்டுக்குள் வந்து மூன்று கிழமை ஆகவில்லை. பின்வரிசையில் வலை வியாபாரி காக்கா ஒரு கண்ணைத் திறந்து கேட்டார்:

"சேர், கடல வுட்டுட்டு வேற என்னத்தையாச்சும் நெனைக்கேலாதா? ஆட்ட மாட்ட?"

மண்டபமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

உன் மகன் போய் அப்போது இருபது நாள். வெள்ளத்தில் அகப்பட்ட சனத்தை ஏற்றப் போனவன். இரண்டு தரம் ஏற்றி வந்து இறக்கினான். மூன்றாம் தரம் போட் மட்டும் கவிழ்ந்தபடி வந்தது.

சாவு விழுந்து மய்யித்து கிடக்கிற வீட்டில் நம் ஊரில் மூன்று நாள் அடுப்பு மூட்ட விட மாட்டோம். அக்கம்பக்கம் சோறு கொண்டுபோகும். மய்யித்தே கிடைக்காத வீட்டுக்கு யார் கொண்டுபோவது? கொண்டுபோனால், உன் பிள்ளை மவுத்து என்று நாங்கள் முடிவு கட்டியதாகிவிடும். அதனால் ஒருத்தரும் வரவில்லை. நானும் வரவில்லை. என் சொந்தத் தங்கச்சியின் வீடு, ஒரு வேலிதான் நடுவில். மூன்றாம் நாள் என் பெண்சாதி சோறும் மீனாணமும் ஆக்கிச் சட்டியைத் துணியால் கட்டிவிட்டாள். நான்தான், "வெய்யி, பொறகு பாப்பம்" என்றேன். பூனை தின்றது.

சிரிப்பு அடங்கியதும் நீ எழும்பினாய்.

"சேர், மய்யித்து கெடைக்காத ஊட்டுக்கு ஆரு சோறு கொண்டு போற?"

சேர் தாளைப் புரட்டினார், பின்பக்கமும் பார்த்தார். நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இரி மச்சான். சபையில மானத்த வாங்காத."

நீ இருந்தாய். அதற்குப் பிறகு மகனைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அடுத்தவர்களின் கவலையை மட்டும் கேட்டுக்கொண்டு திரிந்தாய். பிறகு ஒருநாள் கடற்கரை வாடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபடியே சாய்ந்துவிட்டாய். நெஞ்சடைப்பு என்றார் டொக்டர்.

உன் மய்யித்து கண்முன்னால் கிடந்தது. உடனே ஊருக்கு வழி தெரிந்துவிட்டது. இருபது வீட்டுச் சோறு வந்தது மச்சான், வைக்க இடமில்லை. நானும் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். என் தங்கச்சி சட்டியை வாங்கவில்லை.

"இப்பதான் வேலியில வழி தெரிஞ்சிச்சா காக்கா?"

இன்றைக்கு வந்த பயிற்சிக்காரர்களில் ஒரு மிஸ் என்ன சொல்கிறாள் தெரியுமா? "ஒங்கட தங்கச்சிய ஹோலுக்குக் கூட்டிட்டு வாங்க, பொம்புளைகளுக்கு வேறயா வகுப்பு ஈக்கி" என்கிறாள்.

"புருசன் மவுத்தாகி இத்தாவுல ஈக்கிற பொம்புள நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்ட மாட்டா. அது ஒங்கட பொஸ்தகத்துல இல்லையா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"தெரியாது காக்கா, மன்னிச்சிக்கோங்க. அப்ப அவங்களோட ஆரு கதைக்கிற?"

"நான் கதைக்கிறன். ஒங்களுக்கென்ன?"

வாயை அடைக்கத்தான் சொன்னேன். அவள் அதை எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குச் சட்டியை வாங்காதவள்தான் பிறகு கூப்பிட்டாள்; பகல் சோறு எனக்கு இப்போது உன் வீட்டில்தான். தங்கச்சி இரண்டு பீங்கானில் சோறு போட்டு வைக்கிறாள். ஒன்று எனக்கு, மற்றது மகனுக்கு. அதை மூடி வைத்துவிட்டு அசர் தொழுகைக்குப் பிறகு கோழிக்குப் போடுகிறாள். நான் என் பீங்கானை மட்டும் பார்த்துத் தின்றுவிட்டு வருகிறேன். மய்யித்து இல்லாமலும் பிள்ளைக்குக் கடைசித் தொழுகையாக ஜனாஸா தொழுவிக்கலாம், வீட்டுக்காரர் கேட்டால் போதும் என்று பள்ளி ஹஸ்ரத் உன்னிடம்தான் முதலில் சொன்னார். அதை அவளிடம் கேட்க வேண்டியவன் நீ. கேட்காமல், என் தலையில் போட்டுவிட்டுப் போனாய். அதுதான் என் கோபம்.

இன்றைக்குக் கேட்கப் போகிறேன். முதலில் அவன் பேரைச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் யாரும் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்வதில்லை. அவள் ஏசட்டும், பீங்கானைத் தூக்கி எறியட்டும். நான் எழும்ப மாட்டேன். அவள் அழுது முடிக்கிற மட்டும்...

"காக்கா! சோறு ஆறுது, வாங்க!"

கூப்பிடுகிறாள். போகிறேன் மச்சான். போய், கை கழுவுவதற்கு முன்னமே அவளிடம் நான் அவன் பேரைச் சொல்லுவேன்.