வடக்குத் தொகுதியில் என் இடம்

முருகன் துணை

காப்பெல், டெக்சாஸ்
13.5.2025

கவின் அப்பாவுக்கு,

நேற்று உங்கள் ரிசல்ட்டை டிவியில் பார்க்க நம் ஹாலில் இருந்தவர்கள்: நான், கவின், மருமகள் ரோஷினி, கோயில் கமிட்டி கிட்டுசாமி அண்ணன், அவர் சம்சாரம். மொத்தம் ஐந்து பேர்.

பெட்டிவாரியாக ஓட்டுக் கணக்கை நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பெட்டிக்கு முன்புவரை நீங்கள் பின்னால்தான். முடிவில் வடக்குத் தொகுதியில் நாற்பத்தோரு ஓட்டில் ஜெயித்தீர்கள். மெடிக்கல் காலேஜில் பாடம் நடத்தப் போன மனுஷர் அந்தக் குட்டி கரீபியன் தீவின் குடியுரிமை வாங்கி, அதன் பொதுத்தேர்தலிலும் ஜெயித்துவிட்டார் என்று கைதட்டினோம்.

அப்போது மேடையில் மஞ்சள் கவுன் போட்ட ஒருத்தி உங்கள் கையைப் பிடித்து உயர்த்தினாள். நீங்கள் மைக்கில் சொன்ன இங்கிலீஷ் எனக்கே புரிந்தது. "மை வைஃப், மார்சியா."

"ஏனுங்க அம்மிணி, அது யாருங்க?" என்றார் கிட்டுசாமி அண்ணன்.

"செக்ரட்டரிங்கண்ணா" என்றேன்.

"அந்தூர்ல செக்ரட்டரிய வைஃபுன்னுதான் கூப்புடுவாங்களாட்ட இருக்குது" என்றார் அவர் சம்சாரம்.

கவின் டிவியை அணைத்தான். "அங்கிள், கேசரி சாப்பிடுங்க" என்று ரோஷினி தட்டை நீட்டினாள்.

போனில் கேட்டால் குரல் உடைந்துவிடும். அதனால் எழுதிக் கேட்கிறேன். அவள் யார்?

ராமாத்தாள்

---

16.5.2025

ராமாத்தாளுக்கு,

கவின் போட்டோ எடுத்து அனுப்பிய உன் கடிதம் பார்த்தேன். நீ நினைப்பதுபோல் இல்லை. இந்த ஊரில் குடும்பம் பக்கத்தில் நிற்காதவனுக்கு ஓட்டு விழாது. "ஒண்டிக்கட்டை, தோற்றால் பறந்துவிடுவான்" என்று எதிர்க்கட்சிக்காரர்கள் வீடுவீடாகச் சொன்னார்கள். பத்து நாள் வந்து கூட நில் என்று உன்னை மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் "இப்ப முடியாதுங்க" என்றாய். காரணம்கூடச் சொல்லவில்லை. கட்சிதான் மார்சியாவை நிறுத்தியது. பிரசாரத்துக்காக, அவ்வளவுதான்.

26ஆம் தேதி பதவியேற்பு. கட்டாயம் வா. இங்கே எல்லோரிடமும் என் அக்கா வருகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.

சேனாபதி

---

முருகன் துணை

காப்பெல்
18.5.2025

கவின் அப்பாவுக்கு,

காரணம் சொல்லவில்லை என்கிறீர்கள். இப்போது சொல்கிறேன். நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்று நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன். ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. முடியும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது. வேண்டுதலை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்று உங்களிடமும் மறைத்தேன். நான் கேட்டதை முருகன் அப்படியே கொடுத்துவிட்டான். எதைக் கேட்பது என்றுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

பிரசாரத்துக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். பிரசாரம் முடிந்து, ஓட்டு எண்ணி, ஜெயித்தும் ஆயிற்று. பிறகும் நான் எதற்கு அக்காவாக வர வேண்டும்? இருபத்தொன்பது வருஷத் தாலியோடு வந்து உங்களைத் தம்பி என்று கூப்பிடவா? கிட்டுசாமி அண்ணனிடம் உங்களுக்காக ஒரு பொய் சொல்லிவிட்டேன். இரண்டாவது பொய் என் வாயில் வராது.

வந்தால் உங்கள் மனைவியாக வருவேன். அவள் நின்ற இடத்தில் நான் நிற்பேன். அதற்குச் சம்மதம் இல்லையென்றால், பதவியேற்புக்கு மட்டுமல்ல, இனி எதற்குமே நான் இல்லை.

வரட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை போதும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ராமாத்தாள் சேனாபதி