வரிசை மாறிய ஃபில்டர்

ஜூலை 8, செவ்வாய்

ராத்திரி மணி பன்னிரண்டரை. இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன், நோட்டிடமா? மழை விட்டுவிட்டு. பாப்பாவுக்குக் காய்ச்சல், 101. மருந்து கொடுத்தாயிற்று.

ஹைதராபாத் ஜீடிமெட்லாவில், எங்கள் லேபில், இன்று புது லேசர் சோதனை. அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. கேமராவில்தான் அதன் உருவம் பார்க்க முடியும். நேராக விட்டால் கேமரா காலி. முதலில் சாய்வுக் கண்ணாடி, ஒளியில் ஒரு துளியை மட்டும் கேமரா பக்கம் திருப்ப. அதற்குப் பிறகு கறுப்பு ஃபில்டர், அந்தத் துளியையும் மங்கலாக்க. பொருத்தியது நான். பாதியில் க்ரெஷிலிருந்து போன், பாப்பாவுக்கு உடம்பு சுடுகிறது என்று. திரையில் வட்டம் வரவில்லை, நசுங்கின இட்லி மாதிரி. "பீம் சரியில்லை", அதாவது லேசரின் ஒளிக்கற்றையே கோணல், என்று ரிப்போர்ட் எழுதிவிட்டு ஓடினேன்.

ஜூலை 9, புதன்

காய்ச்சல் இறங்கியது. வாங்க: பால், ரவை, துணி க்ளிப்.

லேசரை நேர்ப்படுத்தியவர் டேவிட் அண்ணா. இங்கே மௌலா அலியில் குடியேறிய தமிழ் ரயில்வே குடும்பம், லேபில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள். மேனேஜர் எல்லார் முன்னாலும் என் ரிப்போர்ட்டை ஆட்டிக் காட்டினார். வெள்ளிக்கிழமை அண்ணாவின் காண்ட்ராக்ட் முடிகிறது, நீட்டிப்பது மேனேஜர் கையில்.

அண்ணா லேசரில் ஒரு ஸ்க்ரூவைத் துளி திருப்பிவிட்டு டீ குடிக்கப் போனார். மறுபடி அளக்க, கேமரா இருக்கும் பெட்டியைத் திறந்தேன். ஃபில்டர், சாய்வுக் கண்ணாடிக்கு முன்னால்! முழு ஒளியும் அதன் மேலேயே. நடுவில் கருகல், ஒரு விரிசல். புது ஃபில்டரைச் சரியான இடத்தில் வைத்தேன். அழகான வட்டம். பழையது என் கைப்பைக்குள். ஏன் அப்படிச் செய்தேன்?

மேனேஜர் வந்து பார்த்தார், இங்கிலீஷில் கேட்டார். "இப்ப சரியா வருதுன்னா, அன்னிக்கு நீ சரியா பண்ணலைன்னுதானே அர்த்தம், டேவிட்?"

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

அண்ணா என்னைத் தேற்றுகிறார்! "எதுக்குமா மூஞ்சிய தொங்கப் போட்டிருக்க? நீ பார்த்தத எழுதின. எனக்குத்தான் கண்ணு போச்சு போல."

ஜூலை 10, வியாழன்

கைப்பையைக் குடைந்து பாப்பா அந்த ஃபில்டரை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். "மம்மி, சஷ்மா!" மூக்குக் கண்ணாடியாம், க்ரெஷில் கற்ற ஹிந்தி. பிடுங்கினேன். கையில் ஒன்று போட்டும் விட்டேன். முந்தாநாள் கொதித்த கை.

என் கணவர் கார்த்திக், "ஒரு கண்ணாடித் துண்டுக்கா புள்ளைய அடிக்கிற?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொன்னா உன் வேலை போகுமே."

"சொல்லலைன்னா அவர் வேலை."

"சரி, அனுப்பு. போனை நான் வாங்கி வெச்சுக்கறேன், இல்லைன்னா அழிச்சிடுவ."

மேனேஜருக்கு இங்கிலீஷில் அனுப்பியது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று முதல் வரியில் இருந்தது, எடுத்துவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்:

சார், செவ்வாய் ரிப்போர்ட் தவறு. ஃபில்டரை இடம் மாற்றி வைத்தது நான். சூட்டில் அதுதான் உருவத்தைக் குலைத்தது. நேற்று சரியானது நான் அதை மாற்றியதால். கருகிய ஃபில்டர் என்னிடம் இருக்கிறது. டேவிட் வேலையில் பிழையே இல்லை. காலையில் அவர் வருவதற்குள் அவருடைய காண்ட்ராக்ட் பற்றித் தயவுசெய்து பதில் போடுங்கள்.