மாவு ஒட்டிய கைகள்

டென்வர், கொலராடோ
அக்டோபர் 20, 1908

என் அன்புள்ள பெய்லாவுக்கு,

உயிரோடும் ஓரளவு நலத்தோடும் இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்கக் கடவுள் அருள வேண்டும். ரயிலில் வந்த நாட்கள் முழுக்க உன் வெங்காய ரொட்டிதான் என்னைக் காப்பாற்றியது.

இந்தக் காசநோய் சானடோரியத்தில் எல்லாமே இலவசம். கட்டில், கம்பளி, டாக்டர், காற்று. காற்றைத்தான் தாராளமாகத் தருகிறார்கள். பனி கொட்டினாலும் வராந்தாவில்தான் படுக்கை. லட்லோ தெருவில் நாம் ஜன்னல் இடுக்கில் கந்தல் திணித்து விரட்டிய அதே குளிருக்கு இங்கே மருந்து என்று பெயர். பக்கத்துக் கட்டிலில் வுல்ஃப் என்று ஒருவர். சுருட்டு சுற்றிப் பிழைத்தவர், கடவுளே இல்லை என்பவர். "ஓய் செலிக், பணக்காரனுக்கு அடுப்பு, நமக்குக் காத்து. அதையும் தருமக் கணக்குல எழுதிட்டான் பாரு" என்கிறார்.

தருமம் செய்கிறவர்கள் நல்லவர்கள்தான். நமக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து வந்து செழித்த நம் யூதர்களே. ஆனால் சாப்பாட்டில் நம் முறை எதுவும் பார்ப்பதில்லை. நம் முறைப்படி அறுக்காத இறைச்சி, அதன் தலையில், இறைச்சியோடு சேரவே கூடாத ஒரு கோப்பை பால். நான் ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கோடு நிறுத்திக்கொள்கிறேன். திங்கள்தோறும் தராசில் ஏற்றுகிறார்கள். முள் அசைய மாட்டேன் என்கிறது.

நேற்று எதிர்க் கட்டில்காரர் இறந்துபோனார். நான் ஆலயத்தில் பலி செலுத்திய ஆரோனின் ஆசாரிய குலத்தவன், பிணம் கிடக்கும் கூரையின் கீழ் நிற்கக் கூடாதே. எடுத்துப் போகும்வரை வெளியே பனியில் நின்றேன். நர்ஸ் திட்டித் தீர்த்துவிட்டாள்.

உன் செலிக்


நியூயார்க்
நவம்பர் 3, 1908

என் அருமைக் கணவருக்கு,

பனியில் நின்றீர்களா? உங்கள் மூதாதை ஆரோனே எழுந்து வந்தாலும் "போய்ப் படுடா மடையா" என்றுதான் சொல்லியிருப்பார். நெஞ்சில் காசநோயை வைத்துக்கொண்டு இந்த வைராக்கியம் எதற்கு?

நம் ஜெபாலய குரு ரப்பியிடம் போய்க் கேட்டேன். "உசுரக் காப்பாத்தணும்னா எதையும் சாப்பிடலாம்மா. சாப்பிடாம கெடந்தாத்தான் பாவம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். இனி உங்கள் பாடு, ரப்பி பாடு.

நான் சுகம். பொத்தான் துளை தைக்கும் வேலை வருகிறது, கண்தான் எரிகிறது. எதிர் வீட்டு சோஸி மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "மேக்கே போன புருஷன் எவன் திரும்பி வந்தான்? போட்டோ இருந்தா எடுத்து வை. பேப்பர்ல ஓடிப்போனவங்க பக்கத்துல போடலாம்" என்கிறாள். சிரித்துவிட்டு வந்துவிடுகிறேன். ஆனால் படி ஏறி முடிக்கும்போது சிரிப்பு இருப்பதில்லை. அடிக்கடி எழுதுங்கள்.

உங்கள் பெய்லா


டென்வர்
டிசம்பர் 15, 1908

என் பெய்லா,

இதைப் பொறுமையாகப் படி. போன வாரம் ரத்தம் வந்தது. கைக்குட்டையில் அல்ல, கிண்ணத்தில். டாக்டர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் தோளைத் தட்டிய யாரும் இதுவரை தேறவில்லை.

எனக்குச் சாவதில் பயமில்லை. உன்னைப் பற்றித்தான் பயம். நமக்குப் பிள்ளை இல்லை. நான் போனால் நம் சட்டப்படி உன்னைக் கட்டும் உரிமை என் தம்பி நோசனுக்கு; வேண்டாமென்றால் அவனே வந்து, பத்துப் பேர் முன்னால் உன்னை விடுவிக்க வேண்டும். அதுவரை நீ இன்னொருவனைக் கட்ட முடியாது. அந்த நோசன் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினான், அத்தோடு சரி. இருக்கிறானா செத்தானா, யாருக்குத் தெரியும்? நம் ஊர் ஹின்டாவை நினைத்துப் பார். கொழுந்தன் சைபீரியாவில் தொலைந்தான். அவள் கல்யாணமும் இல்லாமல் விடுதலையும் இல்லாமல் நரைத்தே போனாள். உனக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அதனால் உன்னை விவாகரத்து செய்யும் தள்ளுதல் சீட்டை எழுதிவிட்டேன். நான் சாகும்போது நீ என் மனைவி இல்லையென்றால் நோசனுக்கு உன்மேல் எந்தப் பாத்தியதையும் இல்லை. 'செத்தால் மட்டும் செல்லும்' என்று நிபந்தனை போட்டும் எழுதலாமாம். ஒரு சொல் பிசகினால் எல்லாம் பாழ் என்று இங்குள்ள ரப்பி பயந்தார். ஆகவே நிபந்தனை இல்லாமல் எழுதி நம் ரப்பிக்கு அனுப்பினேன். ஜெபாலயத்துக் கெட்ஸல் இந்த வாரம் கொண்டுவந்து தருவார். வாங்கிக்கொள்.

தள்ளப்பட்டவளுக்கு ஏழு நாள் தரையில் உட்கார்ந்து துக்கம் காக்கும் கடமைகூடக் கிடையாது. யாரோ ஒருவன் டென்வரில் செத்தானாம் என்று கேட்டுக்கொண்டே நீ மாவு பிசையலாம்.

உன்னிடம் ஆசை குறைந்து செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

செலிக்


நியூயார்க்
டிசம்பர் 20, 1908

ஓ, புத்திசாலிக் கணவரே,

உங்கள் கடிதத்துக்கு முன்னால் கெட்ஸல் வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மறுநாள் ஓய்வுநாளுக்கான சப்பாத்து ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருக்கிறேன், முழங்கைவரை மாவு. ஜெபாலயத்துக் கெட்ஸல் உள்ளே வருகிறார், பின்னால் இரண்டு சாட்சிகள். "பெய்லாம்மா, கையக் கழுவிட்டு வந்து ரெண்டு கையையும் விரி" என்றார்.

"எதுக்கு?"

"உன் புருஷன் தள்ளுதல் சீட்டு அனுப்பியிருக்கான்."

வாசலில் சோஸி. வாய் திறக்காமலே 'நான் அப்பவே சொன்னேன்ல' என்றது அவள் முகம். கையை எடுத்து மாவுக்குள் புதைத்தேன்.

"கை சோலியா இருக்குது. போயிட்டு வாங்க."

"உன் கையில விழாம அது செல்லாதும்மா."

"தெரிஞ்சுதான் உள்ள வெச்சிருக்கேன்."

நின்று நின்று கால் கடுத்துப் போய்விட்டார் மனிதர். நான் பிசைந்த பிசையில் ரொட்டி கல்லாகிவிட்டது.

மறுநாள் காலை உங்கள் கடிதம். சப்பாத்து ஓய்வுநாளில் உறையைக்கூடக் கிழிக்கக் கூடாதே! மேசையில் வைத்துவிட்டுப் பகல் முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சப்பாத்து முடிந்ததற்கு அடையாளமாக வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் பல்லால் கிழித்தேன்.

நீங்கள் என்னை விட்டு ஓடவில்லை என்று தெரிந்ததும் அழுதேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. நோசனை நினைத்தீர்கள், ஹின்டாவை நினைத்தீர்கள். நீங்கள் பிழைத்து வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தீர்களா? மற்ற குலத்தவன் தான் தள்ளிய மனைவியையே மறுபடி கட்டிக்கொள்ளலாம். ஆசாரிய குலத்தவன் தள்ளினால் தள்ளியதுதான். தேறி வந்து, லட்லோ தெருவில் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி, "சுகமா அம்மணி?" என்று கேட்டுவிட்டுப் போவீர்களா? எல்லாவற்றையும் யோசித்தவர் பிழைப்பதை மட்டும் யோசிக்கவில்லை. உங்கள் சாவை நம்பி நான் கை நீட்ட மாட்டேன். நரைத்தால் நரைத்துவிட்டுப் போகிறது.

எனக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால் அந்த இறைச்சியைச் சாப்பிடுங்கள். பின்னாலேயே பாலையும் குடியுங்கள். பனியில் நிற்காதீர்கள். மனைவியைத் தள்ளத் துணிந்தவருக்கு ஒரு துண்டு இறைச்சி பெரிதா?

எப்போதும் உங்கள் மனைவி
பெய்லா


டென்வர்
மார்ச் 9, 1909

என் பெய்லா, என் மனைவியே,

உன் கடிதத்தை வுல்ஃபுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "எனக்கு இப்படி ஒருத்தி வாச்சிருந்தா நானும் கடவுள நம்பியிருப்பேன். சாப்பிடுடா!" என்றார்.

சாப்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். ருசியாக இருந்தது, அதுதான் கொடுமை. இப்போது தினமும் சாப்பிடுகிறேன். தராசு முள் அசைந்துவிட்டது. கோடைக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார் டாக்டர். இந்த முறை தோளைத் தட்டவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வுல்ஃப் போய்விட்டார். முந்தாநாள் காலை. அவருக்கு யாருமில்லை. மூச்சு இழுக்கத் தொடங்கியபோது வழக்கம்போல எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "ஓய், எங்க போறே?" என்றார். என்னால் போக முடியவில்லை. உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அடங்கிய பிறகும் விடவில்லை. என் குலம் என்னை மன்னிக்கட்டும்.

கெட்ஸலிடம் சொல்லி அந்தச் சீட்டைக் கிழித்துப் போடச் சொல். உன்னிடம் முட்டாளாக நடந்துகொண்டேன். நீ கையை விரிக்காமல் இருந்ததற்கு ஆயுசுக்கும் நன்றி.

உன்னுடைய, உன்னுடைய மட்டுமேயான
செலிக்


நியூயார்க்
மே 30, 1909

என் அருமைக் கணவருக்கு,

முகவரி இல்லாத உறையில் இதைப் போட்டு வைக்கப்போகிறேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

தந்தி வந்தபோது தைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வேதனைப்படவில்லை, எல்லாம் நொடியில் முடிந்தது என்று நர்ஸ் பிறகு எழுதினாள். முந்தின நாள்கூட இறைச்சி இரண்டாம் முறை கேட்டு வாங்கினீர்களாம். அதைப் படித்துத்தான் அதிகமாக அழுதேன்.

நோசனைப் பற்றித் தகவல் இல்லை. ரப்பி புவனோஸ் ஐரிஸ் ரப்பிக்கு எழுதியிருக்கிறார். கிடைத்தால் கிடைக்கட்டும். "அன்னிக்கே வாங்கியிருந்தா இன்னிக்கு நீ சுதந்திரமா இருந்திருப்பே" என்று சோஸி அழுதுகொண்டே திட்டினாள். அவள் சொல்வது சரிதான். நீங்கள் பயந்தது நடந்துவிட்டது, நான் நம்பியது நடக்கவில்லை. வலிக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் துக்க முறைப்படி சட்டையைக் கிழித்துக்கொண்டேன். ஏழு நாளும் தரையில் உட்கார்ந்தேன். உங்கள் பெயரை வீடு நிறையச் சொல்லி அழுதேன். உனக்கு இங்கே என்ன பாத்தியதை என்று கேட்க ஒருவராலும் முடியவில்லை.

துக்க வீட்டில் முதல் சாப்பாடு அடுத்தவர் வீட்டிலிருந்துதானே வர வேண்டும்? கெட்ஸல் கொண்டுவந்தார். அவித்த முட்டையும் ஒரு உருண்டை ரொட்டியும். அதே வாசல், அதே மனிதர். தயங்கித் தயங்கி நீட்டினார். "இதையாவது வாங்கிக்கோ பெய்லாம்மா" என்றார்.

இரண்டு கையையும் விரித்து வாங்கிக்கொண்டேன்.

உங்கள் மனைவி
பெய்லா